இன்னும் பத்தடி

தப்பான விடை என்று ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் போர்வெல் அண்ணன்தான். பத்து வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடநாடெல்லாம் போய்க் குழி போட்டவர். லாரி சும்மா நின்ற நாட்களில் போனைப் பார்த்தே புரோகிராமிங் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

திருச்செங்கோட்டில் ஒரு தீவனக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். முதலாளி, அண்ணன், நான், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் பிரவுசரிலேயே திறந்து விளையாடுகிற மாதிரி ஒரு வினாடி வினா செய்துகொண்டிருந்தோம். டீச்சர் வேலையை விட்டு வந்த நான் கேள்வி எழுதுவேன். மற்றதெல்லாம் அண்ணன்.

முதல் நாள் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார். தேங்காய்த் தண்ணீரில் பாதி கீபோர்டுக்குள் போனது. அன்றிலிருந்து ஸ்பேஸ் பட்டனை இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று முதலாளி கேட்டால் அடிக்கணக்கில்தான் பதில் வரும்.

"எரநூறு அடி போயாச்சுங்க. நேத்து பாறை தட்டிருச்சு."

"பாறைன்னா?"

"லாகின் பக்கம் தொறக்க மாட்டீங்குதுங்க."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் செய்த வினாடி வினாவில் மார்க்கே கிடையாது. தப்பான விடையைத் தொட்டால் 'இன்னும் பத்தடி' என்று காட்டி, ஒரு குறிப்பும் கொடுத்து, அதே கேள்வியை மறுபடி கேட்கும். சரியான விடை வந்தால் திரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். நடுவில் வெளியேறப் பட்டனே இல்லை.

"பாதியில எந்திரிச்சுப் போகோணும்னா எப்பிடீங்ணா?" என்று கேட்டேன்.

"தண்ணி வாராம ரிக்கை எப்பிடீங்க டீச்சர் கெளப்பறது?"

கடைசியில் நாமக்கல்லிலிருந்து ஓர் உறைவிடப் பள்ளியின் தாளாளர் பார்க்க வந்தார். எங்களைத் தேடி வந்த ஒரே வாடிக்கையாளர். இவரும் வேண்டாம் என்றால் அலுவலகத்தை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மூடினால் நான் பழைய பள்ளிக்கே விடுதி வார்டனாகப் போக வேண்டும். விடுதியில் மகளை வைத்துக்கொள்ள முடியாது, மறுபடி அம்மா வீட்டில் விட வேண்டும். முதல் தடவை விட்டபோது ஒரு வாரம் அவள் என்னோடு போனில் பேசவில்லை.

தாளாளருக்கு வந்த கேள்வி: உடம்பிலேயே பெரிய உறுப்பு எது? கல்லீரலைத் தொட்டார். இன்னும் பத்தடி. "நெட்டு சரியில்ல போல" என்று பிரவுசரையே மூடித் திறந்தார். அண்ணன் அதற்கும் வழி செய்து வைத்திருந்தார். விட்ட இடத்திலேயே வந்து நின்றது. மூளையைத் தொட்டார், இன்னும் பத்தடி. நுரையீரல், மறுபடியும் பத்தடி. மிச்சமிருந்த தோலைத் தொட்டதும் தண்ணீர் பீய்ச்ச, மனிதர் பதறிப்போய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

"மார்க்கு எங்கீங்க? ரேங்க்கு? பெத்தவங்களுக்கு நான் எதைக் காட்டறது? இது ஆவாதுங்க" என்று எழுந்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். லீவு நாளில் மகளைக் கூட்டி வந்தால் அவள் மல்லுக்கு நிற்பது இவரோடுதான். என் நிலைமை அவருக்குத் தெரியும்.

"ஒரு டீ குடிங்க சாமி. இப்ப முடிச்சர்றேன்."

டீ ஆறுவதற்குள் மார்க் வந்தது, ரேங்க் வந்தது, தப்புக்குச் சிவப்பில் பெருக்கல் குறி வந்தது, வெளியேறும் பட்டனும் வந்தது. தாளாளர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். என் வேலை தப்பியது.

"எதுக்குங்ணா?" என்றேன்.

"பாப்பா உங்ககூடவே இருக்கோணுமில்லீங்க" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர். யாராவது கேட்டால் மூன்று என்றுதான் சொல்கிறேன்.