முப்பதாம் கட்டத்துச் சாமி

பூட்டிக் கிடந்த சினிமா தியேட்டரில் மறுபடியும் ஹவுஸ்ஃபுல்! படம் ஒன்றும் ஓடவில்லை. கட்டத்துச் சாமி ஓடிக்கொண்டிருந்தார், நாலாவது வாரமாக.

திரை இருந்த இடத்தில் தனிமங்களின் அட்டவணை தொங்கியது. வரிசையாக எண் போட்ட கட்டங்கள். இருபத்தொன்பது தாமிரம். முப்பத்தொன்று காலியம். நடுவில் முப்பது? வெள்ளை வெளேர்.

"பாத்தீங்களா?" சாமி மைக்கில் உறுமினார். "விஞ்ஞானி எல்லாத்தையும் கண்டுபிடிச்சான். இந்த ஒரு கட்டத்துல கை வைக்க முடியல. ஏன்? இது கடவுளோட கட்டம்! இதுல இருக்கற ஜீவத் தனிமம் எனக்கு மட்டும்தான் கெடைச்சுது. உங்க உடம்புல அது காலி. அதான் நோய்!"

ஆகா! மூட்டு வலி முதல் முடி கொட்டுவது வரை ஒரே காரணம். டாக்டர்கள்தான் பாவம், வருஷக்கணக்கில் வெட்டியாகப் படிக்கிறார்கள்.

மூன்றாவது வரிசையில் லேப்காரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்து வேதியியல் லேபில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். பக்கத்தில் அவளுடைய அக்கா, தையல்காரி. வலிப்பு மாத்திரையை நிறுத்திப் பத்தொன்பது நாள். முந்தாநாள் மெஷின் மேலேயே விழுந்தாள். ஊருக்கெல்லாம் தைத்தவளுக்கு நெற்றியில் நாலு தையல். அடுத்து எங்கே விழுவாளோ, அடுப்பிலோ, மாடிப்படியிலோ?

"வாக்கா, போயிடலாம். மாத்திரையைப் போடு."

"சும்மா இருடி. என் கட்டம் காலின்னு தீ பச்சையா எரிஞ்சுது. பொடி சாப்பிட்டதும் செவப்பாச்சு. கண்ணால பாத்தேன். இன்னும் ரெண்டே பொட்டலம்."

மேடையில் வித்தை தொடங்கியது. ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள், ஒரு கம்பி. நோயாளி கம்பியில் ஊதுவார். சாமி அதை இடக் கிண்ணத்துத் தீர்த்தத்தில் முக்கித் தீயில் காட்டுவார். பச்சை! கட்டம் காலி. பிறகு பொடி. மறுபடி ஊதல். இப்போது வலக் கிண்ணம். சிவப்பு! கட்டம் நிரம்பிவிட்டது. கைதட்டல்.

லேப்காரிக்கு எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது. தாமிர உப்பு பச்சையாக எரியும், ஸ்ட்ரான்ஷியம் உப்பு சிவப்பாக எரியும். கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன்கூட பிராக்டிகலில் எழுதி மார்க் வாங்குவான். ஆனால் அவளை எழுந்து நிற்க வைத்தது அது இல்லை. அட்டவணையின் கிழிந்த மூலை. அதில் பச்சை நூல் தையல். அவளே போட்ட தையல்!

விறுவிறுவென்று மேடையேறினாள்.

"சாமி, இது எங்க லேப் சார்ட்டு. முப்பது துத்தநாகம். தண்ணிக் குழாய் துருப்பிடிக்காம பூசறாங்களே, அதே. இது கடவுள் விட்ட காலி இல்ல, நான் சிந்தின ஆசிட்டு! ஹெட்மாஸ்டர்கிட்ட திட்டு வாங்கிட்டு நானே பழைய பேப்பர் கடையில போட்டேன்."

"படிச்ச திமிரு!" என்றார் சாமி. கூட்டம் அவர் பக்கம் முணுமுணுத்தது.

"அட்டவணை போட்டவரும் காலிக் கட்டம் விட்டாரு, நெசந்தான். ஆனா அங்க வரப்போறது எவ்ளோ கனமா இருக்கும்னு முன்னாடியே எழுதி வெச்சாரு. இந்தா, அப்படிக் காலியா விட்ட முப்பத்தொண்ணாம் கட்டம், இந்தக் காலியத்தைக் கண்டுபிடிச்சவரு அடர்த்தியைத் தப்பா அளந்துட்டாரு. அட்டவணை போட்டவரு அதைக் கண்ணால பாக்காமலே, திருப்பி அளந்து பாருன்னாரு. அளந்தா, இவரு சொன்னதுதான் சரி! உங்க ஜீவம் எவ்ளோ கனம் சாமி?"

"பக்தியளவு கனம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கேள்வியைவிடப் பதில் சின்னதாக இருந்தால் நமக்கு எப்போதும் சந்தோஷம்தானே!

லேப்காரி குனிந்து சாமியின் செருப்பை எடுத்தாள். "சரி. உங்க கையாலேயே கம்பியை இதுல தொட்டுட்டு இடக் கிண்ணத்துல முக்குங்க."

"அபசாரம்!"

"செய்ங்க சாமி," என்று கீழேயிருந்து ஒரு ஆட்டோக்காரர் கத்தினார். "உங்க செருப்புக்கு என்ன நோயா வந்துடும்?"

தியேட்டரே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. சாமி தொட்டார், முக்கினார், காட்டினார். பச்சை.

"அய்யய்யோ, செருப்புக்குக் கட்டம் காலி!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இப்ப வலக் கிண்ணம். பொடியெல்லாம் வேணாம்," என்றாள் லேப்காரி.

சாமி முக்கித் தீயில் காட்டினார். சிவப்பு!

"கொணமாயிடுச்சுப்பா!" ஆட்டோக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று கூவினார். "செருப்பு பொழைச்சுக்கிச்சு!"

சிரிப்பு வெடித்தது. அது அடங்குவதற்குள் சாமி அட்டவணைக்குப் பின்னால் போயிருந்தார். பின்கதவில் ஆட்டோக்காரர்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள், சவாரிக்காக அல்ல.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நெற்றித் தையலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒரு முட்டாள், இல்லடி?"

"அதை வீட்ல போய்ப் பேசிக்கலாம். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். இன்னைக்கே ஆரம்பிக்கச் சொன்னாரு." லேப்காரி மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள்.

அக்கா மாத்திரையை வாயில் போட்டாள். பாட்டிலை வாங்கியவள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இது என்ன தண்ணி? எங்க புடிச்ச?"

"வீட்டுக் குழாய்ல பிடிச்சதுக்கா."

அதன் பிறகுதான் குடித்தாள். இந்தக் கேள்வியை வந்த முதல் நாளே அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நெற்றி தப்பியிருக்கும். போகட்டும், அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள். நீங்கள் எப்போது?