லித்தியம் சொன்ன விலை

பேட்டரிக் கடைத்தெருவில் இப்போதெல்லாம் காலையில் ஒரு கடையும் திறப்பதில்லை. முதலாளிகள் எல்லாரும் மாடி மண்டபத்தில், லித்திய அடிகள் என்ற சாமியாரின் முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அடிகள் ஒரு பேட்டரிச் செல்லை எடுத்துக் காதில் வைப்பார். கண்ணை மூடுவார். பூமிக்கடியில் இருக்கும் லித்தியம் அவரிடம் பேசுமாம், அன்றைய விலையைச் சொல்லுமாம். கடல் கடந்த சுரங்கத்தில் கிடக்கிற உலோகத்துக்கு நம் நாட்டுப் பணத்தை யார் அறிமுகம் செய்து வைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்த காணிக்கை வீணாகிவிடுமே.

சும்மா சொல்லக்கூடாது, அடிகளின் வாக்கு பலித்தது. காலையில் "ஏறும்" என்பார். சாயங்காலம் கிடங்குக்காரர் தம் பலகையில் பழைய விலையை அழித்துவிட்டு ஏற்றி எழுதுவார். தெரு முழுக்கச் செல் கொடுப்பது அந்த ஒரே கிடங்குதான். "இறங்கும்" என்று மட்டும் அடிகள் ஒருநாளும் சொன்னதில்லை. லித்தியத்துக்கு அந்த வார்த்தை தெரியாது போலிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வண்டிகளுக்குப் பேட்டரி கட்டித் தரும் கடைக்காரர். கடையில் பாதி வேலை மனைவியுடையது. அன்று காலை அவள் அவருடைய பையைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"ஏங்க, வீட்டுப் பத்திரம் எதுக்குப் பையில இருக்கு?"

"இன்னைக்கு விலை பறக்கும்னு அடிகள் நேத்தே கோடி காட்டிட்டார். அடகு வெச்சு மொத்தமா செல் வாங்கிப் போட்டா நம்ம கஷ்டம் தீந்துது."

"வீடும் சேந்து தீந்துரும். பசங்கள எங்க படுக்க வெப்பீங்க?"

அவர் செருப்பை மாட்டினார். அவள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

மண்டபத்தில் அடிகள் செல்லைக் காதிலிருந்து எடுத்து, "ஏறும். இதுவரை ஏறாத ஏத்தம்" என்றார். கூட்டம் கிடங்குக்கு ஓட எழுந்தது. வாசலில் அவள் மறித்து நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம். வெளிநாட்டுல விலை ஏறணும், இல்லன்னா டாலருக்கு நம்ம பணம் இறங்கணும். அப்பதான் இங்க ஏறும். டாலர் அசையவே இல்ல. வெளிநாட்டு விலை இறங்கிக்கிட்டு இருக்குன்னு போன்லயே போட்டிருக்கு. பின்ன எப்படி ஏறும்?"

"லித்தியம் சொல்லுதும்மா."

"நாங்க வாங்காட்டியும் ஏறுமா?"

"உலகமே வாங்காட்டியும் ஏறும்."

"அப்ப நல்லதாப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் இங்கயே உக்காருவோம். யாரும் கிடங்குப் பக்கம் போக வேணாம். விலை ஏறட்டும், நானே பத்திரத்த அடகு வெச்சுத் தரேன்."

வேண்டாம் என்றால் லித்தியம் பொய் சொன்னதாகிவிடும். அடிகள் தலையாட்டினார். கூட்டமும் உட்கார்ந்தது. அவள் மேல் இருந்த நம்பிக்கையால் அல்ல, பக்கத்துக் கடைக்காரன் முந்திவிடாமல் கண்ணெதிரே வைத்துக்கொள்ள. ஒண்ணுக்குப் போக எழுந்தவருக்குக்கூட இரண்டு பேர் காவல் போனார்கள். அடிகள் மெல்ல நழுவப் பார்த்தார். "இருங்க சாமி, லித்தியம் மாத்திச் சொன்னா நாங்க கேக்கணும்ல" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அவருடைய இடுப்பில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

பிற்பகலில், கூட்டம் கண்ணசந்திருந்த நேரம், மேடைக்குப் பின்னால் பின்படிப் பக்கம் இருந்த திரை அசைந்தது. ஒரு குரல் மட்டும் வந்தது.

"என்ன மச்சான், போனையும் எடுக்க மாட்டேங்கற. ஒரு பயலையும் காணோம். ஏறும்னு நீ சொல்லலையா? வெளிய விலை விழுந்துக்கிட்டு இருக்கு, பழைய சரக்கு மலையாக் கிடக்கு. யார் தலையில கட்டுறது?"

முன்வரிசையில் இருந்தவர் திரையை இழுத்தார். கிடங்குக்காரர் நின்றிருந்தார். தெரு மொத்தமும் தம்மைப் பார்ப்பதைக் கண்டதும் திரையைத் திரும்ப இழுத்து மூடப் பார்த்தார். அடிகள் கிடங்குக்காரருடைய மனைவிக்குத் தம்பி என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

"விலைய ஏத்துனது லித்தியம் இல்லைங்க" என்றாள் அவள். "இவர் ஏறும்பார். நீங்க விழுந்தடிச்சு ஓடுவீங்க. ஓடுற கூட்டத்தப் பாத்து அவர் ஏத்துவார். ஏத்துனது நீங்கதான்."

சாயங்காலம் பலகையில் விலை இறங்கியிருந்தது. அவசரம் பத்திரத்தை மனைவி கையில் கொடுத்தார். நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை.

இத்தோடு தெளிந்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? படியிறங்கும்போது நாலு முதலாளிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கைகூப்பியே கேட்டார்: "தாயே, நாளைக்கு ஏறுமா, இறங்குமா?"

"எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனாள்.

அவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்பவரைக் கும்பிட முடியாதே. அய்யா, காணிக்கை கேட்காமல் யோசிக்கிற தலை ஒன்று உங்கள் கழுத்தின் மேலேயே இருக்கிறது. ஒருமுறை உபயோகித்துப் பாருங்கள், தேய்ந்துபோகாது.