உங்களுக்கும் பொதுமக்களுக்கும் இடையில் உள்ள அடி

மனித குலத்தை இன்றைய உயரத்துக்குக் கொண்டு வந்தவை மூன்று: நெருப்பு, சக்கரம், தாவாப் படிவம். முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று தெரியாமல் போய்விட்டது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவன் அடியேன்.

‘தாக்கப்படும் வாய்ப்பு மதிப்பீட்டுப் படிவம்’ என்பது அதன் முழுப்பெயர். இந்த அவசர உலகத்தில் அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் ஆள் தாக்கப்பட்டே விடலாம் என்பதால் ‘தாவா’ என்று சுருக்கினேன். அன்றாட வாழ்வில் ஒருவருக்கு அடி விழ எத்தனை சதவீதம் வாய்ப்பிருக்கிறது என்பதை, அடி விழுவதற்கு முன்பே, தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை அது சொல்லிவிடும். விழுந்த பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கு அறிவியல் எதற்கு?

நான் குடிநீர்ப் புகார் அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர். அங்கே மூன்று ஜன்னல்கள் உண்டு. முதல் ஜன்னலில் ‘இடைவேளை’ என்ற பலகை நிரந்தரமாகத் தொங்கும். இரண்டாம் ஜன்னலின் கதவு திறக்காது. அது பற்றிய புகார் பரிசீலனையில் இருக்கிறது. ஆகவே தண்ணீர் வராத அத்தனை வீடுகளின் கோபமும் மூன்றாம் ஜன்னலுக்கு வந்து சேரும். அங்கே பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு ‘மூணாம் ஜன்னல்’ என்றே பெயராகிவிட்டது. புகாரை வாங்கி, முத்திரை குத்தி, “மேல அனுப்பியிருக்கோம், ஒரு வாரம் பொறுத்துக்கங்க அண்ணே” என்று சொல்வது அவர் வேலை. புகார் மேலே போவது உண்மைதான். மேலாளரின் மேஜை மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பொறுக்க முடியாத அண்ணன்மார்கள் அந்த அம்மாளை மூன்று முறை அடித்துவிட்டார்கள். முதல் அடி, குடைக் கைப்பிடியால் மணிக்கட்டில். இரண்டாவது, மேஜை மேலிருந்த காகித எடைக் கல்லால் தோளில். உடனே நடவடிக்கை எடுத்து, அலுவலகத்தில் இருந்த எடைக் கற்களையெல்லாம் திரும்பப் பெற்றோம். மூன்றாவது ஆள் கையாலேயே அறைந்துவிட்டார். கையைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை.

அந்த அறைக்குப் பிறகு அம்மாள் என் மேஜைக்கு வந்தார்.

“சார், இடது காதுல ஒரு வாரமா கொசு கத்தற மாதிரியே இருக்கு. காது போனாலும் சமாளிச்சுக்குவேன். அடுத்தது கண்ணுல விழுந்தா என் பொழப்பு போச்சு. ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி மட்டும் போட்டுக் குடுங்க.”

நியாயமான கோரிக்கை. ஆனால் வெறும் நியாயத்தை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகம் கண்ணாடி வாங்கிவிட முடியாது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அங்கிருந்து ஒரே ஒரு தடிமனான கண்ணாடித் தடுப்பும், எனக்கு மூன்று நாள் பயிற்சிக்கான ஆணையும் வந்தன. கண்ணாடியை ‘ஆபத்து அதிகமுள்ள ஊழியருக்கு, முறையான மதிப்பீட்டுக்குப் பிறகு’ வழங்க வேண்டும் என்று ஆணை சொன்னது.

பயிற்சியில் என் அறிவுக்கண் திறந்தது. “அளக்க முடியாத ஆபத்து ஆபத்தே அல்ல” என்றார் பயிற்சியாளர். “தூரமே பாதுகாப்பு” என்றார் மறுநாள். மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பி வந்த வேகத்தில் தாவாவை எழுதி முடித்தேன்.

மொத்தம் நாற்பது கேள்விகள். ‘நீங்கள் நடக்கும்போது பின்னால் திரும்பிப் பார்ப்பதுண்டா? உண்டு எனில், அது எதிரில் வருபவருக்கு எரிச்சலூட்டுமா?’ ‘பேருந்தில் பிறர் காலை மிதிப்பவரா, மிதி வாங்குபவரா?’ ‘உங்கள் முகம், பார்த்தவுடன் அடிக்கத் தோன்றும் முகமா? (ஆம் / இல்லை / பிறர் சொல்ல வேண்டும்)’ என்றெல்லாம் வாழ்க்கையின் எல்லா மூலைகளையும் தொட்டிருந்தேன். ‘உங்களை யார் அடிக்கிறார்கள்?’ என்று மட்டும் கேட்கவில்லை. அது அடிப்பவரின் அந்தரங்கம்.

நாற்பதிலும் கோபுரக் கலசமாக நின்றது பதினேழாம் கேள்வி. தூரமே பாதுகாப்பு அல்லவா? அதனால் மதிப்பெண்ணில் பாதி அதற்கு மட்டுமே. அதைச் சுருக்கமாக, அழகாக எழுதியிருந்தேன்:

‘உங்களுக்கும் பொதுமக்களுக்கும் இடையில் உள்ள அடி: ........’

எல்லாரும் ஒரே நாளில் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டார்கள். மூணாம் ஜன்னல் அம்மாள் ‘3’ என்று எழுதியிருந்தார். மூன்று அடித் தூரம், ஓரளவு பாதுகாப்பானது. ஆபத்து 31.25 சதவீதம். ஓட்டுநர் ‘வாங்கியது 2, கொடுத்தது 4’ என்று எழுதியிருந்தார். வண்டிக்கு முன்னால் இரண்டடி, பின்னால் நான்கடி என்று பதிந்துகொண்டேன். வாசல் காவலாளி ‘கணக்கில்லை’ என்று எழுதியிருந்தார். எல்லையற்ற தூரம்! எங்கள் அலுவலகத்திலேயே பாதுகாப்பான மனிதர் அவர்தான் என்று தெரிந்தபோது, அவர் கையிலிருந்த தடி ஓர் ஊதாரித்தனம் என்பதும் தெரிந்தது. வாங்கி உள்ளே வைத்தோம்.

மேலாளரின் படிவத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. அவர் ‘0’ என்று எழுதியிருந்தார். அவர் அறை இரண்டு கதவுகளுக்கு உள்ளே இருக்கிறது. பொதுமக்களில் எவரும் அவரைப் பார்த்ததில்லை என்பது உலகறிந்த விஷயம். ஆனாலும் படிவம் பொய் சொல்லுமா? பூஜ்ஜியம் அடி என்றால் பொதுமக்கள் அவர் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். இத்தனை காலமாக இதைப் பற்றி அந்த மனிதர் மூச்சுகூட விடவில்லையே! ஆபத்து 96.50 சதவீதம்.

மறுநாளே கண்ணாடியை மேலாளரின் மேஜைக்கு முன்னால் மாட்டினோம். வாசலில் நின்ற காவலாளியையும் அவர் அறைக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மூணாம் ஜன்னல் அம்மாள் கூடத்தில் நின்று, கண்ணாடி தன் ஜன்னலைத் தாண்டி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதைத் திருப்தி என்று பதிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் படிவங்களை வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். என் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே மேலாக இருந்த தாளைப் படித்தாள்.

“ஏங்க, பாவம் இந்த அம்மா, மூணு அடி வாங்கியிருக்காங்களே!”

“அது வாங்கினது இல்ல, தூரம்” என்றேன்.

“அப்ப உங்க காவலாளி கணக்கில்லைன்னு எழுதியிருக்காரே, அவர் என்ன ஆகாசத்துலயா நிக்கறார்?”

“அது எல்லையற்ற...”

“எல்லையற்ற கிழிச்சீங்க. அடின்னு கேட்டா மனுஷங்க எதைங்க எழுதுவாங்க? ஸ்கேலை வெச்சு அளந்துட்டா வருவாங்க? அடி வாங்காத உங்க மேலாளர் சைபர் போட்டிருக்கார். அவருக்குப் போய்க் கண்ணாடி மாட்டிட்டு வந்திருக்கீங்க. காலைல முதல் வேலையா அதைக் கழட்டி அந்த அம்மாவுக்குப் போடுங்க.”

என் மனைவிக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. பயிற்சி இல்லாதவர்களுக்கு உண்மை இப்படித்தான் நேரடியாகத் தெரிந்து தொலைக்கிறது.

காலையில் மேலாளர் அறைக்குப் போனேன். கண்ணாடி காது வரைக்கும் மறைத்ததால், கீழே இருந்த அரைவட்ட ஓட்டைக்குக் குனிந்து பேச வேண்டியிருந்தது.

“சார், பதினேழாம் கேள்வியில ஒரு சின்னக் குழப்பம். நீங்க சைபர்னு எழுதினது தூரமா, வாங்கினதா?”

“வாங்கினதா? என்னை எவன்யா அடிப்பான்?”

“அதான் சார். அப்படின்னா இந்தக் கண்ணாடி...”

மேலாளர் கண்ணாடியை ஒரு முறை தடவிப் பார்த்தார். “இதை மாட்டினதுக்கப்புறம் என்னை யாராவது அடிச்சாங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப வேலை செய்யுதில்ல?”

இருந்தாலும் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். “அந்தம்மா எழுதின மூணு, வாங்கின அடி சார். தூரம்னு தப்பாப் பதிஞ்சுட்டேன். அடிச்சுத் திருத்திடலாம்னு...”

“படிவத்தோட தலையில என்ன போட்டிருக்கீங்க? படிங்க.”

நானே எழுதியதுதான். படித்தேன். “அடித்தல், திருத்தல் இருந்தால் படிவம் செல்லாது.”

“கேட்டுக்கிட்டீங்களா? ஒரு படிவத்தை அடிச்சா எல்லாத்தையும் அடிக்கணும். எல்லாத்தையும் அடிச்சா, தலைமை அலுவலகம் உங்களை அடிக்கும். ஒரு அடிக்குறிப்பு போட்டு விடுங்க, போதும்.”

அலுவலகப் பாதுகாப்புக் குழு கூடியது. இரண்டரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு எல்லாப் படிவங்களின் கீழும் பொடி எழுத்தில் சேர்த்தோம்: ‘இதில் அடி என்பது அடியையும் குறிக்கும்.’ என் மனசாட்சி அன்று நிம்மதியாகத் தூங்கியது. நான்தான் புரண்டு புரண்டு படுத்தேன்.

கண்ணாடி மாட்டிய பன்னிரண்டாம் நாள், ஒரு மனிதர் மூன்றாம் ஜன்னலுக்கு வந்தார். ஒன்பது மாதமாகத் தண்ணீர் வராத தன் வீட்டுப் பித்தளைக் குழாயைக் கழற்றிச் சான்றாகவே கொண்டு வந்திருந்தார். “மேல அனுப்பியிருக்கோம் அண்ணே” என்று அம்மாள் சொல்லி முடிக்கவில்லை. குழாய் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. இடது புருவத்துக்கு மேலே ஐந்து தையல். ஒரு விரல் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும் என்றார் மருத்துவர். அந்த மனிதரின் முகவரி தெரியாததால் மேல் நடவடிக்கை எடுக்க இயலவில்லை. முகவரி அவருடைய புகாரில் இருந்தது. புகார் மேலாளரின் மேஜையில், கண்ணாடிக்குப் பின்னால், மிகப் பத்திரமாக இருந்தது.

சம்பவம் நடந்தால் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது விதி. மூன்றோடு ஒன்றைக் கூட்டி, அம்மாளின் புதிய படிவத்தில் நானே என் கையால் ‘4’ என்று எழுதினேன். ஆபத்து 31.25-இலிருந்து 22.50-க்கு இறங்கியிருந்தது. ஓர் அடி விழுந்தால் ஓர் அடி பாதுகாப்பு! இதே வேகத்தில் போனால் ஓய்வு பெறும்போது அந்த அம்மாள் எதிர்த் தெருவில் உட்கார்ந்திருப்பார், ஒரு கல்கூட அங்கே எட்டாது. “நல்ல முன்னேற்றம்” என்று மேலாளர் ஓட்டை வழியாகப் பாராட்டினார்.

கையெழுத்து வாங்கப் படிவத்தை மூன்றாம் ஜன்னலுக்கு எடுத்துப் போனேன். கட்டுப் போடாத கண்ணுக்கு அருகே பிடித்து, அடிக்குறிப்பு வரை நிதானமாகப் படித்தார்.

“சார், அடி கூடக் கூட ஆபத்து குறையுதா?”

“படிவப்படி ஆமாம்மா.”

“நான் எழுதினது தூரம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“அதுக்குத்தாம்மா அடிக்குறிப்பு...”

“தெரியுமா தெரியாதா சார்?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. “கண்ணாடி மாட்டின அன்னைக்கு சாயங்காலத்துலேருந்து.”

வரிசையில் நின்றவர்கள் ஜன்னலை நெருங்கி வந்தார்கள்.

“அப்ப இந்த நாலாவது அடி, தெரிஞ்சே விழுந்ததா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை எந்தப் பத்தியில் நிரப்புவது என்று தெரியாமல் நின்றேன். அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். மூலையிலிருந்து மூலைக்குப் படிவத்தின் குறுக்கே ஒரே கோடு இழுத்தார்.

“அடிக்காதீங்கம்மா!” என்று அலறிவிட்டேன். “அடிச்சா செல்லாது!”

“என்னை அடிச்சது மட்டும் செல்லுதில்ல?” என்று கேட்டு, இன்னொரு கோடு இழுத்தார்.

அதற்குப் பிறகு நிர்வாகம் காட்டிய வேகத்தை நான் மெச்சியே ஆக வேண்டும். நான்கு அடிக்கு நகராத கோப்பு இரண்டு கோட்டுக்கு ஓடியது. அன்றே குறிப்பாணை, மறுநாளே விசாரணை, மூன்றாம் நாளே பணி இடைநீக்கம். ‘அலுவலக ஆவணத்தைப் பொதுமக்கள் முன்னிலையில், திருப்பித் தாக்க இயலாத நிலையில் அது இருந்தபோது, இருமுறை அடித்தமை’ என்பது குற்றச்சாட்டு. இப்போது மூன்றாம் ஜன்னலிலும் ‘இடைவேளை’ பலகை தொங்குகிறது. தாக்குதல்கள் அடியோடு நின்றுவிட்டன. தலைமை அலுவலகம் தாவாவை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப் போவதாகக் கேள்வி.

அடித்த குற்றத்துக்காக எங்கள் அலுவலகம் இதுவரை தண்டித்திருப்பது ஒரே ஒருவரைத்தான். அந்த ஆணையை எழுதியவன் நான். அதில் ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.