உப்புப் போட்டு எழுதிய எருமை

ஒரு காட்டில் எருமை ஒன்று நாவல் எழுதிவிட்டது. எழுதியது தப்பில்லை. அதை வெளியிட வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் தப்பு.

எருமையின் பெயர் மந்தாயி. பலா இலையில் கொம்பு நுனியால் கீறிக் கீறி எழுதினாள். எருமைக்கு எழுத்து எப்படி வந்தது என்று கேட்பவர்கள் எழுந்து போகலாம். எருமை பேசினால் நம்புகிறவர்களுக்கு, எழுதினால் மட்டும் எங்கே வலிக்கிறது?

நாவல் முழுக்கக் குட்டை, கோரைப்புல், மழை, ஈ. ஓர் அத்தியாயம் மட்டும் வேறு. மந்தாயிக்கு ஒரு கன்று இருந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த கன்று. அதனால் சுட்டி என்று பெயர். குட்டை வற்றிய வருஷம் சேற்றில் இறங்கியது, ஏறவில்லை. காட்டில் யாருக்கும் அது ஞாபகமில்லை. அந்தப் பெயர் அச்சில் ஏற வேண்டும். மந்தாயிக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த அத்தியாயத்தை மட்டும் அழுதுகொண்டே எழுதினாள். இலையெல்லாம் நனைந்தது. வெயிலில் காயவைத்து எடுத்து அடுக்கினாள்.

காட்டில் இருந்தது ஒரே பதிப்பகம். நடத்தியவர் தாடியப்பர். ஆட்டுக்கிடா. இலையில் எழுதுகிற காட்டில் ஆட்டைப் பதிப்பாளராக வைத்தது யார்? சிங்கம். ஏன் என்று சிங்கத்தை யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

பதிப்பக வாசலில் நீள வரிசை. நாவலோடு முயல். அதைவிடப் பெரிய நாவலோடு உடும்பு. தன்வரலாற்றோடு ஓர் ஈசல்; அதற்கு மட்டும் ரொம்ப அவசரம். மந்தாயி நின்று நின்று முன்னால் போய்ச் சேர்ந்ததும் பலகையைக் காட்டினார்கள். 'நேரடிப் பிரதிகள் ஏற்கப்படா. முகவர் மூலம் மட்டுமே.'

பலகைக்குப் பக்கத்திலேயே ஓர் உண்ணிக்கொக்கு நின்றிருந்தான். மாட்டின் மேல் உட்கார்ந்து உண்ணி கொத்தித் தின்னும் சாதி. பெயர் வெள்ளைச்சாமி.

"அக்கா, முகவர் வேணுமா?"

"இன்சூரன்ஸா தம்பி?"

"இலக்கியம்."

"என்ன வித்தியாசம்?"

"பெரிசா ஒண்ணும் இல்லை. ரெண்டுலயும் செத்த பிறகுதான் ஏதாவது கிடைக்கும்."

"உனக்கு நான் என்ன தரணும்?"

"முதுகுல கொஞ்சம் இடம் குடு. அங்க இருக்கிற உண்ணி எனக்கு. போதும்."

அரிப்பும் போகும், நாவலும் வரும் என்று மந்தாயி கணக்குப் போட்டாள். கொக்கு ஏறி உட்கார்ந்தான். அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

"நாவலை ஒரு வரியில சொல்லு அக்கா."

"ஒரு வரியில சொல்ல முடிஞ்சா நான் எதுக்கு இத்தனை இலையைக் கீறினேன்? என் கன்னு சுட்டி சேத்துல செத்தது அதுல வருது. அது போதும்."

"கோபப்படாதே. அந்தக் கன்னை மான்குட்டி ஆக்கிடலாமா? மான்குட்டி செத்தா வாசகன் அழுவான். எருமைக் கன்னு செத்தா, பால் என்ன ஆச்சுன்னு கேப்பான்."

மந்தாயி முதுகைச் சிலிர்த்தாள். கொக்கு எம்பி விழுந்து மறுபடி உட்கார்ந்தான்.

"சுட்டி எருமைக் கன்னுதான். பேரும் மாறாது."

"சரி, சரி. மாத்தலை. பின்னட்டையில மட்டும் என் படத்தைப் போட்டுக்கலாம். பேரும் என் பேராவே இருக்கட்டும். வெள்ளைச்சாமின்னா எழுத்தாளர் மாதிரி இருக்கு. மந்தாயின்னா மந்தையோட போற மாதிரி இருக்கு."

சுட்டி இருந்தால் சரி என்று மந்தாயி தலையை ஆட்டினாள்.

அணிந்துரையைப் புலியிடம் வாங்க வேண்டும் என்றான் கொக்கு.

"புலி எருமையைத் தின்னும் தம்பி."

"அதனாலதான் நான் மட்டும் பறந்து போய் வாங்கறேன்."

அணிந்துரை வந்தது. 'இந்த நாவலுக்குப் பின்னால் இருக்கும் எருமையை நான் இன்னும் நேரில் சந்திக்கவில்லை. சந்திக்க மிக ஆவலாக இருக்கிறேன்.' அன்றைக்கு மந்தாயி தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை.

தாடியப்பர் பிரதியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மெல்லுகிற சத்தம்.

"என்ன தம்பி அது?"

"ஆழ்ந்த வாசிப்பு அக்கா."

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழா வைத்தார்கள். மேடை கிடைக்கவில்லை. மந்தாயியையே நடுவில் நிறுத்தி, மேலே கொக்கை நிற்க வைத்தார்கள். கொக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கொக்குக்கு ஏது தோள்? அது வழுக்கி மந்தாயியின் முகத்தில் விழுந்தது. எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை.

"மேடை ஆடுது, பிடிங்கப்பா" என்றது முன்வரிசைக் குரங்கு.

பொன்னாடைக்குள் இருட்டில் மந்தாயி காதை விரித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைச்சாமி நாவலை வாசித்தான். குட்டை வந்தது. கோரைப்புல் வந்தது. மழை வந்தது. ஈ வந்தது. அடுத்தது சுட்டிதான். மந்தாயி மூச்சைப் பிடித்தாள்.

"நன்றி, வணக்கம்" என்றான் கொக்கு. கைதட்டல்.

"தம்பி, என் சுட்டி எங்கே?"

"எனக்கெப்படித் தெரியும் அக்கா? நானே இப்பதானே படிக்கிறேன்."

பொன்னாடையை உதறிவிட்டு மந்தாயி தாடியப்பரிடம் போனாள்.

"ஐயா, ஒரு அத்தியாயம் காணோம். கன்னு சாகிற அத்தியாயம்."

தாடியப்பர் கண்ணை மூடினார். நாக்கால் உதட்டை ஒரு சுற்றுத் தடவிக்கொண்டார்.

"அதுவா? நாவல்லயே அதுதாம்மா உச்சம். மத்ததெல்லாம் வெறும் இலை. அதுல மட்டும் உப்பு இருந்தது. கீழே வைக்க மனசு வரலை. ஒரே மூச்சில முடிச்சிட்டேன்."

"படிச்சா?"

"தின்னு."

மந்தாயி கொம்பைத் தாழ்த்தினாள். பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் கிடா பறந்து முள்ளில் விழும். நல்லவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். இங்கே கொக்கு அவள் காதோரம் குனிந்தான்.

"அக்கா, ரெண்டாம் பதிப்பு இருக்கு."

கொம்பு மேலே வந்தது. எழுதுகிறவர்களை அடக்க வேறு கயிறு தேவையில்லை.

"அதுல சேர்த்துடலாம். ஆனா அழாம எழுது."

மந்தாயி உச்சி வெயிலில் உட்கார்ந்து எழுதினாள். கண் கலங்கும்போதெல்லாம் தாடியப்பரின் தாடியை நினைத்துக்கொண்டாள். கண்ணீர் நின்றுவிடும். கடைசியில் வந்தது இதுதான்: 'கன்றின் பெயர்: சுட்டி. அடையாளம்: நெற்றியில் வெள்ளை. இடம்: குட்டை. காரணம்: சேறு.' தாலுகா ஆபீஸ் மனு மாதிரி இருந்தது. இலை காய்ந்தே இருந்தது.

தாடியப்பர் ஓரத்தைக் கடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"அச்சுக்குப் போகலாம்."

அச்சில் வந்தது. காடே படித்தது. குரங்கு மதிப்புரை எழுதியது: 'மற்றதெல்லாம் பரவாயில்லை. கன்று சாகும் அத்தியாயம்தான் உப்புச்சப்பில்லை.' நரி ஒரு படி மேலே போனது: 'எருமைக் கன்றின் சாவைப் பற்றி ஒரு கொக்குக்கு என்ன தெரியும்? அனுபவிக்காமல் எழுதினால் இப்படித்தான்.'

"விடு அக்கா. கெட்டது என் பேர்தானே" என்று வெள்ளைச்சாமி ஓர் உண்ணியைக் கொத்தினான்.

மந்தாயி காதில் வாங்கவில்லை. குட்டைக் கரையில் புத்தகத்தை விரித்து வைத்து, குளம்பு படாமல் தள்ளி நின்று பார்த்தாள். சுட்டி. அச்சில். யாருக்கும் உறைக்காத அந்த ஒரு வரி அவளுக்கு உறைத்தது. அடக்கப் பார்த்தாள். தாடியைக்கூட நினைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்துவிட்டது. பெயர் மேலேயே.

தூரத்தில், பதிப்பக வாசலில், தாடியப்பர் மூக்கைத் தூக்கினார். எழுந்தார். இந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

நீதி: உப்புப் போட்டு எழுதினால் பதிப்பாளர் தின்பார். போடாமல் எழுதினால் வாசகர் துப்புவார். கொக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அது தின்பது உண்ணி.