வண்டலூரில் காணாமல் போன டீச்சர்

வகுப்பிலிருந்து சொல்லாமல் வெளியே போகும் பிள்ளைகளை நான் மன்னித்ததே இல்லை. கணக்கு டீச்சர் வேறு. சுற்றுலா கூட்டிப்போனால் பஸ் கிளம்புமுன் தலைகளை எண்ணி, மறுபடி எண்ணி, டிரைவரையும் சேர்த்து எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். (இப்போதும் எண்ணுகிறேன். ஆனால் யாரையும் திட்டுவதில்லை. அந்தத் தகுதி போய்விட்டது.)

போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தாம்பரத்தில் எங்கள் பகுதி சைக்கிள் கிளப்பில் சேர்ந்து அன்றுதான் முதல் குழுச் சவாரி. சேரும்போது, "ஸ்கூல் படிக்கிறப்போ தினமும் சைக்கிள்தான். எனக்கு இதெல்லாம் பழக்கம்" என்று அளந்துவிட்டிருந்தேன். அது முப்பது வருஷத்துக்கு முந்தைய பழக்கம். முழங்காலை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணவர் ஸ்டான்லி மட்டும், "பியூலா, பார்த்துப் போ. எட்டு மணி ஆராதனைக்கு வந்துடுவல்ல?" என்றார்.

"அதுக்கு முன்னாடியே வந்து டிபனே செஞ்சிடுவேன்" என்றேன். வாய்க்கென்ன, அதுவா மிதிக்கப் போகிறது?

ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவது திட்டம். கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டன் முன்னால் போவார். எல்லாருக்கும் கடைசியாக ஒருவர் வருவார். அவருக்கு 'ஸ்வீப்' என்று பெயர். யார் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவர்களுக்குப் பின்னாலேயே வருவதும், ஒருவரையும் வழியில் விட்டுவிடாமல் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் பொறுப்பு. அன்றைய ஸ்வீப் காதர் பாய். குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும், அறுபதை நெருங்கும் தங்கமான மனுஷர்.

பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் குழு கண்ணுக்கே தெரியவில்லை. பின்னால் காதர் பாய் மட்டும்.

"மெதுவா வாங்க டீச்சர். ஒண்ணும் அவசரமில்ல."

அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டியது. நான் போன வேகத்துக்கு அவர் தன் சைக்கிளைச் சாயாமல் ஓட்டுவதே பெரும்பாடாக இருந்திருக்கும். இளநீர் வண்டி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. (தள்ளுவண்டி.)

வண்டலூரில் இன்னொரு புது உறுப்பினர், செயின் கழன்று சாலையோரம் நின்றிருந்தார். காதர் பாய் உதவிக்கு இறங்கினார். "நீங்க போய்க்கினே இருங்க டீச்சர், பின்னாடியே வந்துடறேன்."

போனேன். கொஞ்ச தூரம் போய், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரும்பி, சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு மின்சார ரயில் ஏறிவிட்டேன். 'முடியல, திரும்பறேன்' என்று ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். அதை குரூப்பில் எல்லாரும் படிப்பார்களே! இத்தனை பேரில் என்னை யார் தேடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனால் ஸ்டான்லி பாடகர் குழுவில் இருப்பதால் முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தார். குளித்து, புடவை கட்டி, போனை சைலன்ட்டில் போட்டு, பக்கவாசல் வழியாக சர்ச்சுக்குள் நுழைந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்று சுகமாக இருந்தது. கண்மூடி ஜெபத்தில் ஆழ்ந்தேன். (தூங்கிவிட்டேன்.)

"எங்கள் சகோதரி பியூலாவுக்காக மன்றாடுகிறோம்" என்று ஆயரின் குரல் கேட்டது. "அவர் எந்த நிலையில் இருந்தாலும் காப்பாற்றும், ஆண்டவரே!"

பாவம், யாரோ ஒரு பியூலா, என்ன கஷ்டமோ என்று உருக்கமாக "ஆமென்" சொன்னேன்.

"ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிளோடு காணாமல் போன..."

கண்ணைத் திறந்தேன். வாசலில், ஹெல்மெட்டும் தொடையைக் கவ்விய கால்சட்டையுமாகக் கிளப்பே நின்றுகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். நான் முன்னால் குழுவோடு இருப்பதாகக் காதர் பாய் நினைத்தார். காதர் பாயோடு வருவதாகக் குழு நினைத்தது. கூடுவாஞ்சேரி டீக்கடையில் எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. ஒருவரும் டீயைத் தொடவில்லை. வழியெல்லாம் என்னைத் தேடிக்கொண்டே திரும்பியிருக்கிறார்கள். போன் அடித்தால் நான் எடுக்கவில்லை. காலையில் நான் அனுப்பியிருந்த லைவ் லொகேஷன் கடைசியாகத்தான் கேப்டனுக்கு நினைவு வந்திருக்கிறது. அது எங்கள் சர்ச் இருக்கும் இடத்தைக் காட்டியது. அடிபட்டுக் கிடக்கும் என்னிடமிருந்து போனை எவனோ எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று முடிவு கட்டி (என்னே பக்தியுள்ள திருடன்!) வாசலில் நின்ற சபைச் செயலாளரிடம் சொல்ல, அவர் ஓடிப்போய் ஆயரின் காதில் போட்டுவிட்டார்.

பாடகர் குழுவில் ஸ்டான்லி எழுந்து நின்றார். கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபின் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்க முடியவில்லை. எழுந்து, என் மாணவிகள் மாதிரியே கையைத் தூக்கி, "நான் இங்கதான் இருக்கேன் ஐயா" என்றேன்.

சபை மொத்தமும் தூண் பக்கம் திரும்பியது. முன்வரிசை எமிலி ஆன்ட்டி மட்டும், "ஸ்தோத்திரம்!" என்று அலறினார். ஜெபம் முடியுமுன்னே பதில் வந்த அற்புதத்தை இன்றுவரை போகிற இடமெல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியில்லை ஆன்ட்டி என்றால், எனக்கு விசுவாசம் போதாது என்கிறார்.

வெளியே ஓடினேன். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதர் பாய் படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. என்னைத் தேடிச் சாலையோரக் கால்வாயில் இறங்கியிருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க பாய். முடியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அடி ஒண்ணும் படலியே டீச்சர்? அது போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முடியலன்னா சொல்லுங்க. அதுக்குத்தான நான் பின்னால வந்துகினு கீறேன்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளப்பை விடவில்லை. (விட்டால் மறுபடி தேடி வந்துவிட்டால்?) இப்போது கூடுவாஞ்சேரி வரை போய் டீயும் குடித்துவிட்டு வருகிறேன். ஒவ்வொரு சவாரிக்கு முன்னாலும் கேப்டன் புதியவர்களிடம், "நடுவுல கிளம்பறதுன்னா பாய்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்.

வீட்டில் இன்னும் மோசம். கல்யாணப் பந்தியிலிருந்து கை கழுவ எழுந்தாலும் சரி, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் சரி, ஸ்டான்லி விடுவதில்லை.

"பாய்கிட்ட சொல்லிட்டியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அவர் எழுந்து நின்ற அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் "சொல்லிட்டேன்" என்று அவருக்குக் கேட்கும்படி பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.