படிக்கத் தோதான இடம்

அப்பா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "சத்தம் ஏதாவது கேட்குதாம்மா?" என்று கிசுகிசுத்தார்.

காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட ஒரே சத்தம் அதுதான்.

தப்பு மகள் பேரில். புள்ளியியல் தேர்வில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் கடைசி வருஷத்தில் சேர முடியாது. கலர் கலராக அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒட்டிய களைப்பில் தூங்கிப்போனாள். எழுந்தபோது, அட்டவணைப்படி பாதிப் பாடம் முடிந்திருந்தது. பழியை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே! டி.வி. சத்தத்தில் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ரிட்டயரான அப்பாவுக்குப் புது உத்தியோகம் கிடைத்தது. டி.வி. ஊமையாயிற்று. சுவர்க்கடிகாரத்தின் பேட்டரி கழன்றது. தும்மல் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடினார். அவர் பூனை நடை நடக்க நடக்க, அடுத்த காலடி எங்கே விழும் என்று அவள் காது தவம் கிடந்தது.

தாங்க முடியாமல், எப்பவும்போல இருங்கப்பா என்று கேட்டுக்கொண்டாள். எப்பவும்போல இருக்க அவர் படாத பாடு பட்டார். வேண்டுமென்றே இருமினார், இருமிவிட்டு, இது போதுமா என்று கேட்க வந்தார்.

கல்லூரி நூலகத்துக்கு ஓடினாள். அங்கே தோழி ஒருத்தி தன் காதல் முறிந்த கதையை மூடும் நேரம்வரை சொன்னாள். முறிந்தது மறுபடி ஒட்டிக்கொண்டதால் மறுநாளும் கதை ஓடியது.

இதற்குள் அப்பா மத்தியானங்களில் நண்பர் வீட்டுக்குச் செஸ் ஆடக் கிளம்ப ஆரம்பித்திருந்தார். அம்மா வேலையிலிருந்து வரச் சாயங்காலமாகும். வெறும் வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் கண் தானாக மூடிக்கொண்டது.

ஒருநாள் பேனா வாங்கப் பஸ் ஏறியவள், போகிற வழியில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போயிற்று, கணக்கு வந்துவிட்டது. யாரோ போனில் சண்டை போட, குழந்தை அழ, ஜன்னல் தடதடக்க, அடுத்த கணக்கும் வந்தது.

அப்புறம் தினமும் அதே வேலை. அப்பா தலை மறைந்ததும் பஸ் ஏறி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவாள். அவர் திரும்புவதற்குள் மேஜைமுன் உட்கார்ந்துவிடுவாள்.

"வீடு அமைதியா இருந்துச்சாம்மா?"

"ரொம்பப்பா."

அவர் முகம் மலரும்.

தேர்வுக்கு முந்தின நாள், பஸ் நிலையத்தில் வண்டி நிற்க, கடைசிப் பாடமும் முடிந்தது. நிறைந்த மனசோடு நிமிர்ந்தாள். பக்கத்து பஸ்ஸின் ஜன்னலோரம் அப்பா.

குட்டு வெளிப்பட்டு, தேடிக்கொண்டே வந்துவிட்டார் போலும். சீட்டுக்கு அடியில் குனிந்து, புத்தகத்தால் தலையை மூடிக்கொண்டாள். என்னவோ ஏதோ என்று கண்டக்டர் கிட்டே வந்தார். பக்கத்து வண்டியில் இருப்பவர் யாரையாவது தேடுகிறாரா என்று மெல்லக் கேட்டாள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அவரா? அவர் யாரையும் தேடலம்மா, தினம் மத்தியானம் இப்படித்தான் சும்மா சுத்தி வருவாரு. வீட்டுல பொண்ணு படிக்குதாம், தான் இருந்தா தொந்தரவாம்."