பூஜை அறையில் விழுந்த பதினோரு அட்டைகள்

கணபதி, கோயம்புத்தூர்.
வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணி.

பிரியமுள்ள பிந்து அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் லாஸ்யா பயந்துகொண்டே எழுதுவது.

அத்தை, இதை யாருக்கும் காட்டாதீர்கள். பங்காரு மாமாவுக்குக்கூடக் காட்டாதீர்கள். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் காஸ் அடுப்புதான் என்பது தெரியும், இருந்தாலும் ஏதாவது செய்யுங்கள்.

முறைப்படி முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நான் நலமாக இல்லை. நீங்களும் மாமாவும் பூஜிதாக் குட்டியும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஆனால் அது நாளைக் காலை பத்து மணி வரைக்கும்தான். பத்து மணிக்கு அம்மாவும் அப்பாவும் மேட்டுப்பாளையம் வருகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூஜிதாவின் காதுகுத்துக்கு அழைக்க வந்தபோது நீங்கள் வைத்துவிட்டுப் போன பத்திரிகை, வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாவற்றையும் உங்கள் வாசலிலேயே திருப்பி வைத்துவிட்டு வரப் போகிறார்கள். பழத்தை அன்றைக்கே தம்பி சாய்சரண் தின்றுவிட்டதால், திருப்பிக் கொடுப்பதற்கென்றே அம்மா புதிதாக ஒரு சீப்பு வாங்கி வைத்திருக்கிறார். நீங்கள் எங்கள் வீட்டுக்குச் செய்வினை வைத்துவிட்டீர்கள் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா காதுகுத்துக்கு வரமாட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் பூஜிதாவை யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவீர்கள்? அதை நினைத்துத்தான் தூங்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏனென்றால் வைத்தது நீங்கள் இல்லை அத்தை. வைத்தது நான். வைத்தது செய்வினையும் இல்லை, சீன எழுத்து.

நீங்கள் திட்டுவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பட்டறைக்குப் போன வருடம் தைவானிலிருந்து ஒரு பழைய மெஷின் வந்ததல்லவா, அதன் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று அப்பா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மெஷின் ஓட்டும் நிஜாம் அண்ணா அதற்கு நேர் மேலேதான் சோற்றுப் பையை மாட்டுவார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் பேரா இருக்குமுங்க பாப்பா. நாம மோட்டாருக்கு லட்சுமின்னு பேரு போடறதில்லீங்களா, அந்த மாதிரி" என்றார். அப்பாவோ, "படிக்கத் தெரியாமயே ஓட்டறதுதான் கண்ணு நம்மூர்க்காரன் கெட்டிக்காரத்தனம்" என்று சிரித்தார். நான் கற்றுக்கொள்ளட்டுமா என்றேன். "சீனாக்காரன் எழுத்தா? நீட்டுல கேப்பானாக்கும்?" என்றார். அன்றோடு வாயை மூடிக்கொண்டு ரகசியமாக ஆரம்பித்தேன். கோச்சிங்குக்குக் கொடுத்த டேப்லெட்டில்தான் படித்தேன். தைவானில் எழுதுவது சுருக்கிய எழுத்து இல்லை அத்தை, பழைய முழு எழுத்து. ‘கேள்’ என்ற ஒரு சொல்லுக்கு இருபத்திரண்டு கோடு. நான்கு மாதம் கழித்து ஸ்டிக்கரைப் படித்தேன். ‘அபாயம், கையை உள்ளே விடாதே’ என்று இருந்தது. நெட்டில் பார்த்ததாகச் சொல்லி நிஜாம் அண்ணாவிடம் காட்டினேன். "ஏனுங்க பாப்பா, இத்தன நாளா அபாயத்து மேலயேவா ரசஞ்சோத்த மாட்டி வெச்சிருந்தேன்?" என்று பையைக் கழற்றியவர், அதற்குப் பிறகு அந்தக் கதவுப் பக்கம் கையையே கொண்டுபோவதில்லை. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். என்னால் நிறுத்த முடியவில்லை.

அட்டையில் எழுத்தை எழுதி, நன்றாகத் தெரிந்ததைத் தள்ளி வைத்து, மறந்துபோவதைப் பக்கத்தில் வைத்து, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. காலண்டரில் குறித்தால் அம்மா கேட்பார். அதனால் வீட்டு வழக்கத்தோடு சேர்த்துவிட்டேன். தினமும் பார்க்க வேண்டியவை வேதியியல் புத்தகத்துக்குள். மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை கிரைண்டருக்குப் பின்னால், ஏனென்றால் அம்மா மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மாவாட்டுவார். வாரத்துக்கு ஒருமுறை என்றால் சாமி படங்களுக்குப் பின்னால், வெள்ளிக்கிழமை படம் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. மாதம் ஒருமுறை என்றால் வாசல் நிலைக்கு மேலே இருக்கும் திருஷ்டிப் படத்துக்குப் பின்னால், அமாவாசைக்கு அமாவாசை ஸ்டூல் போட்டு ஏறி அதைத் துடைப்பதும் நான்தான். ஓர் எழுத்து மனதில் நின்றுவிட்டால் கிரைண்டரிலிருந்து சாமிக்குப் போகும். மறந்துவிட்டால் சாமியிடமிருந்து வேதியியலுக்குத் திரும்பிவிடும். ஏழு மாதத்தில் முந்நூற்றுப் பதினான்கு அட்டைகள் சேர்ந்தன, ஒருவருக்கும் தெரியவில்லை.

அட்டைகள் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் அம்மாவின் நிலைமை உங்களுக்குப் புரியும். வீட்டுக்கு வந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித்தான் செய்தேன், அதனால் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். எழுத்து கோணாமல் இருக்க ஒரு சதுரக் கட்டம் போட்டு, அதற்குள் ஒரு கூட்டல் குறி, மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அதைச் சிவப்பு மையில் போட்டேன். நடுவில் கறுப்பில் எழுத்து. பின்பக்கம், ஞாபகத்துக்காக நம் வீட்டு ஆட்களை வைத்துக் குறிப்பு எழுதினேன். ஒரு மனிதன் மரத்தில் சாய்ந்தால் ‘ஓய்வு’. அதற்கு ‘அப்பா, மரம், சாய்ந்துவிட்டார்’. நாலு சுவருக்குள் ஒரு மனிதன் இருந்தால் ‘கைதி’. அதற்கு ‘சாய்சரண், பெட்டிக்குள்’. கூரைக்குக் கீழே பன்றி இருந்தால் ‘வீடு’. அதற்கு ‘நம் வீடு, பன்றி’. இரண்டு வாயும் ஒரு நாயும் சேர்ந்தால் ‘அழுகை’. அதற்கு ‘அம்மா, இரண்டு வாய், நாய்’. அத்தை, நான் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்பதற்கு அந்தக் கடைசி அட்டை ஒன்றே போதும். யாராவது பார்த்தாலும் என் கையெழுத்து என்று தெரியக்கூடாது என்று எல்லாவற்றையும் இடது கையால் எழுதினேன். அது பேய் எழுதியது போல ஆகிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் சாய்சரண் அடித்த பந்து பூஜை அறைக்குள் போய் முருகர் படத்தில் பட்டது. பதினோரு அட்டைகள் விளக்குக்கு முன்னால் விழுந்தன. எங்கள் அம்மாவுக்குச் சாதாரணக் கோபம் என்றால் வீட்டுத் தெலுங்கிலேயே திட்டுவார், அக்கம்பக்கத்துக்கும் கேட்க வேண்டிய கோபம் என்றால் தமிழுக்கு மாறிவிடுவார். அன்று மாறிவிட்டார். "ஏனுங்க, சீக்கிரம் வாங்க! சாமி படத்துக்குப் பின்னால எந்திரம் எழுதி வெச்சுப்போட்டாங்க!" அப்பா வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மரத்தில் சாய்ந்த அட்டை வந்ததும் முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார், அது அட்டையில் எழுதியது போலவே இருந்ததால் அம்மா அலறினார். அம்மாவுக்கு எப்படியோ உங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"எல்லாத்து பேரும் இருக்குது, உங்க தங்கச்சி பேரு மட்டும் இல்ல பாருங்க!"

"அவளுக்கு ஊசில நூல் கோக்கறதுக்கே பொறுமை இருக்காதே அம்மணி. இத்தன கட்டத்த அவ எங்க உக்காந்து போட்டிருக்கப் போறா?"

"அப்ப ஆள் வெச்சுப் போட்டிருக்கறா!"

அப்பா உங்களுக்காகப் பேசியது அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அம்மா வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடியதில் கிரைண்டருக்குப் பின்னால் இருந்ததும், வாசலுக்கு மேலே இருந்ததும் கிடைத்துவிட்டன. கிரைண்டர் அட்டைகளில் ஒன்று என்றைக்கோ மாவுக்குள் விழுந்து அரைபட்டிருக்கிறது போல, உருளைக் கல்லில் சிவப்புக் கோட்டோடு ஒரு துண்டு ஒட்டியிருந்தது. "சோத்துலயே கலந்துட்டாங்களே!" என்று அம்மா தலையில் கைவைத்தார். உடனே அப்பாவுக்கு வயிறு வலித்தது. அது முந்தின நாள் காந்திபுரத்தில் தின்ற காளான் என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் காளானைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

புதன்கிழமை, தாராபுரம் பக்கம் குறி சொல்லுகிற ஒருவரை அம்மா வீடியோ காலில் பிடித்தார். பெண்ணும் குழந்தையும் சேர்ந்து நிற்கும் ஓர் எழுத்தைக் காமிராவுக்கு முன்னால் தலைகீழாகக் காட்டினார். அதன் அர்த்தம் ‘நல்லது’, அத்தை. சத்தியமாக அவ்வளவுதான்.

"இன்னுங் கொஞ்சம் கிட்டக்க காட்டுங்க. ம்ம். இருக்கறதுலயே கெட்டது இதுதானுங்க. சுடுகாட்டுச் சாம்பல்ல எழுதியிருக்குது."

அது என் ஜெல் பேனா.

"ஆருங்க சாமி வெச்சது?"

"பொம்பள. ரத்த சம்பந்தம்."

"வடக்கால இருந்து வந்தவங்களா?"

"வடக்கால இருந்துதானுங்க."

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வடக்கில் இருப்பது உங்கள் கெட்ட நேரம். அட்டைகளை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்து ஆற்றில் விடச் சொன்னார். அம்மா பெரிய பேசினில் ஒவ்வொன்றாகப் போட்டார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மலை போனது, மழை போனது, கதவு போனது. ஒவ்வொன்றும் கரையும்போது அதன் உச்சரிப்பு தானாக என் வாயில் வந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை, ஏழு மாதப் பழக்கம். அம்மா திரும்பிப் பார்த்தபோது நான் கண்ணீரோடு புரியாத பாஷையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "ஐயோ, கொழந்தை மேலயும் ஏறிப்போச்சுங்க!" என்று ஒரு பிடி விபூதியை என் வாயில் போட்டார். எனக்கு இருமல் வந்தது. இருமியதில் இன்னும் இரண்டு எழுத்து வந்தது. வேப்பிலையால் கால் மணி நேரம் அடித்தார்கள். இன்றைக்குக் காலையில்தான் நீங்கள் வைத்த பத்திரிகைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். அம்மா சொல்லச் சொல்ல அப்பா தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, பூஜிதாவுக்கு வாங்கி வைத்திருந்த தோட்டை டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

போன் அம்மாவிடம் இருக்கிறது, அதனால்தான் கடிதம். விடிகாலை ஐந்து மணிக்கு மாமா மார்க்கெட்டில் காய் லோடு இறக்கிவிட்டு வழக்கம் போல எங்கள் கேட்டில் காய்ப் பையை மாட்டிவிட்டு, காலிப் பையை எடுத்துக்கொண்டு போவார். காலிப் பைக்குள் இதை வைக்கப் போகிறேன். நீங்கள் ஒன்றே ஒன்று செய்தால் போதும் அத்தை. அவர்கள் வந்ததும் கோபப்படாமல் கற்பூரத்தைக் கொளுத்தி, "நான் வெக்கல" என்று அடித்துச் சத்தியம் செய்துவிடுங்கள். அம்மா கற்பூரத்தை நம்புவார். நீங்கள் சொல்வது உண்மையும்தானே? யார் வைத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், அப்பா ஞாயிற்றுக்கிழமை மடியை நீட்டிக்கொண்டு வந்து உட்காருவார், எல்லாம் சரியாகிவிடும், நானும் உயிரோடு இருப்பேன்.

மாமாவுக்கு என் வணக்கம், ஆனால் எதற்கு என்று சொல்லாமல் சொல்லுங்கள். பூஜிதாவின் இரண்டு காதுக்கும் இரண்டு முத்தம். எல்லாச் சாமியும் உங்கள் வீட்டைக் காக்கட்டும், மிச்சம் இருந்தால் எங்கள் வீட்டுப் பக்கமும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள, மிகவும் பயந்த மருமகள்,
லாஸ்யா.

பி.கு.: அத்தை, கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு எப்படியோ உங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். எப்படியோ வரவில்லை. திங்கட்கிழமை அட்டைகள் விழுந்ததும் அம்மா முதலில் என்னைத்தான் பார்த்தார். "அம்மணி, இது உன்ற வேலையா?" என்று மெதுவாகத்தான் கேட்டார், திட்டக்கூட இல்லை. நான், "நான் இல்லீங்கம்மா. நேத்து அத்தைதான் பூஜை ரூமுக்குள்ள ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தாங்க" என்றேன். நீங்கள் எதற்கு நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியேதான் இருந்தேன். என் பெயரைச் சொல்லி, பரீட்சையைச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தீர்கள். அது காதில் விழுந்தும்தான் சொன்னேன். அதனால் கற்பூரம் எல்லாம் அடிக்காதீர்கள். சத்தியம் செய்ய வேண்டியது நீங்கள் இல்லை. நாளைக்கு அவர்கள் கிளம்புவதற்குள் நானே எப்படியாவது

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "கண்ணு, வெளிச்சம் தெரியுது, இன்னுமா தூங்கல? கதவத் தொற சாமி."

மாமாவின் பை வேண்டாம் அத்தை. இதை அப்பாவிடமே